எஸ்-10 பிக்கப்புக்கு ஜாகுவாரின் பின்பாகம்: முதல்முறை செய்பவர்களுக்கு

காலி பிக்கப் ஓட்டியவர்களுக்கு இது பழகிய தொல்லை. முன்பக்கம் கார் மாதிரி ஒழுங்காகப் போகும். பின்பக்கம் மட்டும் பள்ளத்துக்குப் பள்ளம் துள்ளும். மழையில் வளைவு திரும்பினால் தனியாக விலகப் பார்க்கும். சரக்கைத் தாங்கப் போட்ட கமான் பட்டை, காலி வண்டியில் ஏறக்குறைய கட்டைதான். ஹவுசிங் (பின் அச்சின் இரும்புக் கூடு), கிரவுன் (அதற்குள் இருந்து சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரம்), பிரேக் டிரம் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்தே எகிறுகின்றன. இடது சக்கரம் கல்லில் ஏறினால் வலதும் கூடவே சாய்கிறது.

ஹவுசிங்கையும் பட்டையையும் மொத்தமாக இறக்கிவிட்டு, இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும் பின் சஸ்பென்ஷனை ஏற்றுவதுதான் ஐ.ஆர்.எஸ். (இன்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன்) மாற்றம். அமெரிக்காவில் பழைய வண்டிகளை வீட்டிலேயே மாற்றிக் கட்டுபவர்கள் இதற்குப் பல காலமாக நாடுவது ஜாகுவாரின் பின்பாகம். 1961-இல் ஈ-டைப்பிலும் மார்க் டென்னிலும் வந்து, 1968 முதல் எக்ஸ்.ஜே. வரிசையில் தொடர்ந்த அமைப்பு அது. செவர்லே எஸ்-10-க்கு (1982 முதல் 2004 மாடல் வரை வந்த சிறு பிக்கப்) இது பொருந்திவர ஒரு தற்செயல் காரணமும் உண்டு: இரண்டுக்கும் ஐந்து போல்ட், நான்கே முக்கால் அங்குல வட்டம். ஒரே வீல் டிஸ்க்கை நான்கு பக்கமும் மாட்டலாம்.

ஆனால் நட் ஒன்றல்ல. எஸ்-10-இன் ஸ்டட் (நட் ஏறும் முளை) 12 மி.மீ. மெட்ரிக், ஜாகுவாருடையது அரை அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. ஜாகுவார் நட்டை எஸ்-10-இன் முன் ஸ்டட்டில் போட்டால் லொடலொடவென்று ஏறி, பிடித்த மாதிரி நடிக்கும். பிடித்திருக்காது. வேலை தொடங்கும் நாளிலேயே பின் நட்டுகளுக்கு ஒரு நிறம் அடித்துவிடுங்கள்.

முதலில் உங்களையே கேட்க வேண்டியது

இந்த வண்டியில் இனி சுமை ஏற்றுவீர்களா? வாரம் ஒருமுறை மணல், செங்கல் என்று ஏற்றுபவர் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நல்ல ஷாக் அப்சார்பர் போதும். இந்த மாற்றத்துக்குப் பிறகு அது பின்னால் தொட்டி வைத்த கார். ஏன் என்று ஸ்பிரிங் கணக்கில் வருகிறேன்.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. சாலையில் ஓட்டும் வண்டியில் இதைச் செய்யக் கிளம்பாதீர்கள். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. பரிசோதனை அலுவலகத்திலும் காப்பீட்டுக்காரரிடமும் கேட்டுவிட்டு வெல்டிங் மெஷினைத் தொடுங்கள்.

காயலான்கடையில் பார்க்க வேண்டியவை

எக்ஸ்.ஜே.6 முதல் மூன்று வரிசைகளின் பின்பாகம், தகட்டால் செய்த ஒரு கூண்டோடு முழுசாக இறங்கும். கூண்டுக்குள் கிரவுன் பெட்டி. அதன் இரு பக்கமும் ஒட்டினாற்போல் பிரேக் டிஸ்க். டிஸ்க்கிலிருந்து சக்கரத்துக்கு ஹாஃப் ஷாஃப்ட். கீழே ஒரு குழாய்க்கை, அதுதான் கீழ்க்கை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு காயில் ஸ்பிரிங் ஷாக்குகள். பிரேக் சக்கரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். நல்லதும் கெட்டதும் அதிலிருந்துதான்.

இந்த அமைப்பில் மேல்கை என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஹாஃப் ஷாஃப்ட்டே மேல்கை. நீளம் மாறாத, ஸ்லைடிங் இல்லாத ஷாஃப்ட் அது. ஆகவே அதன் யூனிவர்சல் கிராஸ் (ஷாஃப்ட்டை மடங்கிச் சுழல விடும் மூட்டு) தேய்ந்தால் சத்தம் மட்டும் வராது, சக்கரமே சாயும். சக்கரத்தின் உச்சியைப் பிடித்து உள்ளே வெளியே ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராஸா, ஹப் பேரிங்கா, கிரவுன் பெட்டியிலிருந்து வெளிவரும் அவுட்புட் ஷாஃப்ட் பேரிங்கா என்று கண்டுபிடித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். மூன்றாவதுதான் செலவு வைக்கும்.

இரண்டு சக்கரத்தையும் சேர்த்து ஒரு முழுச் சுற்று சுற்றி, முன் பிளாஞ்ச் எத்தனை சுற்று போகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் கிரவுன் விகிதம். 2.88, 3.07, 3.31, 3.54 என்று பல விகிதங்கள் உண்டு. மூன்றுக்குச் சற்றுக் குறைவாக நின்றால் 2.88. நான்கு சிலிண்டர் எஸ்-10-க்கு அது வேண்டாம். ஏற்றத்தில் வண்டி மூச்சு வாங்கும். 4.3 லிட்டர் வி-6 என்றால் 3.07 தாராளம்.

கூண்டோடு சேர்த்து வாங்க வேண்டியவை: கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிப் போகும் இரண்டு ரேடியஸ் ஆர்ம், அவற்றின் போல்ட்டுகள், அடியில் குறுக்கே போல்ட் செய்த டை பிளேட், ஹேண்ட்பிரேக் கேலிப்பர்கள் (டிஸ்க்கைக் கவ்வும் பிடிகள்), கியர்பாக்ஸிலிருந்து கிரவுனுக்கு வரும் புரப்பெல்லர் ஷாஃப்ட்டின் பின் நுனி. டை பிளேட்டைச் சாதாரணத் தகடு என்று விட்டுவிட்டு வருகிறவர்கள் நிறைய. கீழ்க்கைகளின் உள் பிடிப்பை விரியவிடாமல் கட்டி வைத்திருப்பது அதுதான்.

அகலத்தையும் அங்கேயே டேப் போட்டு அளந்துவிடுங்கள். டூ-வீல் டிரைவ் எஸ்-10-இன் ஹவுசிங்கைவிட எக்ஸ்.ஜே. கட்டு சில அங்குலம் அகலம். உள்ளே அதிகம் குழிந்த வீல் டிஸ்க் போட்டுச் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். கீழ்க்கையையும் ஷாஃப்ட்டையும் வெட்டிக் குறுக்கும் வழி உண்டு. முதல்முறை செய்பவர் அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்த ஒரு வெல்டிங்கில்தான் சக்கரம் நிற்கும்.

தரையில் இருக்கும்போதே புதுப்பித்துவிடுங்கள்

அவசரப்பட்டு இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஏற்றிய பிறகு உள் பிரேக்கின் கேலிப்பர் போல்ட்டை எட்ட உங்கள் கை குழந்தையின் கையாக இருக்க வேண்டும். அவுட்புட் ஆயில் சீல், நான்கு கிராஸ், கேலிப்பர் சீல், பிரேக் பேட், எஃகுக் குழாய், கீழ்க்கைப் பேரிங் எல்லாவற்றையும் தரையிலேயே மாற்றிவிடுங்கள். டிஸ்க்கின் சூடு நேராகச் சீலுக்குப் போவதால் இந்தக் கட்டில் ஆயில் கசிவு வாடிக்கை. கசிந்த ஆயில் போய் நிற்கும் இடமும் டிஸ்க்தான். கிரவுன் பெட்டியைக் கூண்டோடு பிடிக்கும் போல்ட் தலைகளில் கம்பி முறுக்கியிருக்கும். கழற்றினால் புதுக் கம்பி போட்டு மறுபடி முறுக்குங்கள்.

பட்டையைக் கழற்றும் முன் அளவு

இந்த வேலை முழுவதற்கும் ஒரே ஒரு தாய் அளவு உண்டு: வண்டி சாலையில் நிற்கும்போதுள்ள உயரம். சக்கரத்தின் சாய்வு, ஷாஃப்ட்டின் கோணம், ஸ்பிரிங்கின் நீளம், பினியன் (கிரவுனைச் சுழற்றும் சிறு பல்சக்கரம்) பார்க்கும் கோணம் எல்லாம் அந்த உயரத்தில்தான் சரி அல்லது தப்பு. அதை முதலில் முடிவு செய்யாமல் ஒரு துண்டு இரும்பைக்கூட வெட்டக் கூடாது.

சமதளமான சிமெண்ட் தரையில், டேங்க் பாதி நிரப்பி, பின் தொட்டி பூட்டியபடி, டயரில் சரியான காற்றோடு வண்டியை நிறுத்துங்கள். சேஸின் நான்கு மூலைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை எழுதுங்கள். பிறகு கொத்தனாரின் தூக்குக்குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பின் சக்கர மையத்திலிருந்து குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் புள்ளி வையுங்கள்; மறுபக்கமும் அப்படியே. சேஸில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் துளை ஒன்றைத் தேர்ந்து அதன் கீழும் புள்ளி. சாக்பீஸ் நூலால் புள்ளிகளை இணைத்து மூலைவிட்டங்களை அளந்தால் சேஸ் நேராக இருக்கிறதா, முன்பு எப்போதாவது இடிபட்டதா என்பது தெரிந்துவிடும். கியர்பாக்ஸின் பின்முனை எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது என்பதையும் கோணமானியால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

நான் தவறியது இந்தக் கடைசி அளவில்தான். தொட்டியைக் கழற்றி, பின்பக்கம் ஜாக்கி ஸ்டாண்டில் உயர நின்ற வண்டியில் கோணம் எடுத்தேன். கோணமானி பொய் சொல்லவில்லை. வண்டிதான் முன்னே சரிந்து நின்றது. அந்த எண்ணை வைத்துப் பினியனைப் பொருத்திவிட்டு முதல்முறை நெடுஞ்சாலையில் ஏறினேன். 55 மைல் வேகத்தில் இருக்கைக்குக் கீழே ஒரு முனகல், 60-இல் கண்ணாடியே நடுங்கியது. ஷாஃப்ட்டை இரண்டு முறை பேலன்ஸ் செய்து பணம் கொடுத்த பிறகுதான் உண்மை புரிந்தது. கூண்டின் முன் மவுண்ட்டுகளுக்கு அடியில் தகடு வைத்துச் சரிசெய்தேன்.

இறக்குவதும் ஏற்றுவதும்

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எஸ்-10-இன் பெட்ரோல் டேங்க் இடதுபக்கம், பின் அச்சுக்கு முன்னால். அதைக் காலி செய்து, வண்டியிலிருந்து எடுத்து, கராஜுக்கு வெளியே வையுங்கள். டேங்கைச் சாக்கு போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் வெல்டிங் செய்வதெல்லாம் வேண்டாம். தொட்டியை நான்கு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். அதன் பிறகு பட்டை, ஹவுசிங், ஷாக் எல்லாம் ஒரு மதிய வேலை.

ஸ்பிரிங் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றின் இடத்தில் இரு முனையிலும் துளையிட்ட இரும்புப் பட்டைகளைப் போல்ட் செய்யுங்கள். இவை போலி ஷாக்குகள். ஹாஃப் ஷாஃப்ட் ஏறக்குறைய மட்டமாக நிற்கும் நிலைக்கு அவற்றின் நீளத்தை வெட்டுங்கள். இப்போது முழுக் கட்டும் ஓட்டு உயரத்தில் உறைந்துவிட்டது. சேஸை எழுதி வைத்த உயரத்துக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டில் நிறுத்தி, ஜாகுவார் பின்பாகத்தை டிரான்ஸ்மிஷன் ஜாக்கியில் ஏற்றி உள்ளே தள்ளுங்கள். கையால் தூக்கும் எடை இல்லை. சக்கர மையம் தரைப் புள்ளிகளின் மேல் வர வேண்டும். ரசமட்டம் வைத்து இடவலம் பாருங்கள். பினியனின் அச்சு கியர்பாக்ஸ் பின்முனையின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும்: அது மூன்று டிகிரி கீழே சரிந்தால் பினியன் மூன்று டிகிரி மேலே பார்க்கும். கிராஸ் ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று டிகிரி வரை மடங்கினால் போதும். முழு நேர்க்கோடும் கூடாது. ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

ஐ.ஆர்.எஸ்.-இல் பினியன் சேஸோடு நிலையாக நிற்பதால் இந்தக் கோணம் ஓட்டத்தில் மாறாது. சரியாக வைத்தால் என்றைக்கும் சரி. தவறாக வைத்தால் என்றைக்கும் தவறு.

கூண்டைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிரவுன் பெட்டியை நேராகச் சேஸோடு போல்ட் செய்பவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஓட்டும்போது கிரவுனின் ஊளை முழுசும் கேபினுக்குள் வரும். புதியவர்கள் கூண்டையும் அதன் நான்கு ரப்பர் மவுண்ட்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸ் தாங்குமா?

பழைய அமைப்பில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஹவுசிங் பின்னோக்கி முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கைப் பட்டை வாங்கிக்கொள்ளும். இனி அது கூண்டின் மவுண்ட் வழியாகச் சேஸுக்கு வருகிறது. எவ்வளவு? 4.3 வி-6-இன் முறுக்கு 230 அடி-பவுண்டு, அதாவது சுமார் 312 நியூட்டன் மீட்டர். 700-ஆர்4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் முதல் கியர் 3.06, கிரவுன் 3.07. பெருக்கினால் 2,900-ஐத் தாண்டும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 300 கிலோவைத் தொங்கவிட்ட மாதிரி. எஞ்சினுக்கும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் நடுவிலுள்ள டார்க் கன்வர்ட்டர் கூட்டித் தருவதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

எஸ்-10-இன் பின் சேஸ் திறந்த 'ப' வடிவ இரும்பு. முறுக்கினால் வளையும். மவுண்ட் வரும் பகுதியை முன்னும் பின்னும் ஓர் அடி கூடுதலாக விட்டு, 3 முதல் 5 மி.மீ. தகட்டால் மூடிப் பெட்டியாக்குங்கள். கூண்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குறுக்குச் சட்டம், 2-க்கு 3 அங்குலச் செவ்வகக் குழாயில். மவுண்ட்டை முதலில் புள்ளி வெல்டிங்கில் மட்டும் பிடித்து, எல்லா அளவையும் மறுபடி எடுத்து, மறுநாள் தெளிந்த கண்ணோடு இன்னொரு முறை பார்த்துவிட்டு முழுசாக வெல்டிங் செய்யுங்கள். இடம் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஓட்டினால் சேஸ் சூட்டில் கோணாது. உங்கள் வெல்டிங்கில் உங்களுக்கே சந்தேகம் இருந்தால், புள்ளி வைத்த வண்டியை டிரெய்லரில் ஏற்றித் தேர்ந்த வெல்டரிடம் கொண்டுபோங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ஷாஃப்ட்டுக்கு மேலே சேஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பாருங்கள். போலி ஷாக்கைக் கழற்றிச் சக்கரத்தை முழு உயரத்துக்கு ஜாக்கியால் ஏற்றினால், எது எதில் இடிக்கிறது என்று தெரிந்துவிடும். இடிப்பதற்கு முன் தடுக்க ஒரு ரப்பர் பம்ப் ஸ்டாப் வேண்டும்.

ரேடியஸ் ஆர்ம் என்ற வம்பு

பலரும் கோட்டை விடுவது இங்கே. கீழ்க்கை ஒரு கதவு மாதிரி ஆடுகிறது. அதன் கீல், உள்பக்கம் வண்டியின் நீளவாக்கில் இருக்கும் ஃபல்க்ரம் ஷாஃப்ட். ரேடியஸ் ஆர்ம் அந்தக் கதவோடு கட்டிய கொம்பு. கொம்பின் முன்நுனி கீலின் நேர்க்கோட்டிலேயே இருந்தால் கதவு தடையின்றி ஆடும். விலகி இருந்தால் ஒன்றை ஒன்று இழுக்கும். ஜாகுவாரில் நுனி விலகித்தான் இருக்கிறது. அந்த இழுப்பைப் பெரிய மெத்தென்ற ரப்பர் புஷ் விழுங்கிவிடுகிறது. புதியவர் ஆசைப்பட்டு அங்கே கெட்டியான யூரித்தேன் புஷ்ஷோ உருண்டை ஜாயின்ட்டோ போட்டால் சஸ்பென்ஷன் இறுகிப்போகும், நாளடைவில் பிடிப்பே விரியும்.

இரண்டு வழி. ஜாகுவாரின் ரப்பர் புஷ்ஷையே போட்டு, நுனியை மூல வண்டியில் இருந்த அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். அல்லது ஆர்மை உள்பக்கம் சாய்த்து, ஃபல்க்ரம் அச்சின் நீட்சியில் நுனி வருமாறு முன் குறுக்குச் சட்டத்தில் பிடியுங்கள். எஸ்-10-இல் இடதுபக்க டேங்க் குறுக்கே நிற்பதால் எனக்கு இரண்டாவதுதான் வசதியாக இருந்தது. எப்படிச் செய்தாலும் ஷாக் இல்லாமல் சக்கரத்தைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எந்த இடத்திலும் முரண்டு பிடிக்கக் கூடாது.

ஸ்பிரிங் கணக்கு

எக்ஸ்.ஜே.6 ஏறக்குறைய 1,800 கிலோ. சாதாரண கேப் எஸ்-10 1,200 முதல் 1,300 கிலோ, அதிலும் காலியாக இருந்தால் எடை முன்பக்கமே அதிகம். ஜாகுவார் ஸ்பிரிங்கை அப்படியே போட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். கமான் பட்டையே தேவலை என்றாகிவிடும்.

எடைமேடையில் பின் அச்சை மட்டும் நிறுத்துங்கள். உதாரணத்துக்கு 520 கிலோ. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடையாக 80 கழித்தால் 440, பக்கத்துக்கு 220. காலி வண்டி மெத்தென்று போக, நொடிக்கு ஒன்றரை முறை ஆடும் ஸ்பிரிங் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், சக்கரத்தில் மி.மீ.க்கு 19.5 நியூட்டன் வரும். அதை இரண்டு ஸ்பிரிங் பகிர்கின்றன. ஸ்பிரிங் கையின் நுனியில் இல்லாமல் நடுவாக்கில் நிற்பதால், சக்கரம் ஒரு மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் எத்தனை மி.மீ. சுருங்குகிறது என்று அளந்து, அந்த எண்ணின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அது 0.65 என்றால் ஒரு ஸ்பிரிங்குக்கு மி.மீ.க்கு 23 நியூட்டன், கடைக்காரர் பாஷையில் அங்குலத்துக்கு சுமார் 130 பவுண்டு.

இதே ஸ்பிரிங்கோடு தொட்டியில் 300 கிலோ ஏற்றிப் பாருங்கள், கணக்கில்தான். பக்கத்துக்கு 150 கிலோ, 75 மி.மீ. இறங்கும். மூன்று அங்குலம்! ஷாஃப்ட்டின் வெளிமுனை மேலே ஏறி, சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து, டயரின் உள்விளிம்பில் மட்டும் வண்டி ஓடும். சுமை ஏற்றுபவருக்கு இது வேண்டாம் என்று மேலே சொன்னது இதனால்தான்.

பிரேக், ஷாஃப்ட், சாய்வு

எஸ்-10-க்குப் பின்னால் பெரும்பாலும் டிரம். டிரம்முக்காகக் குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும், சூடு சீலைத் தின்னும். பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் கையால் திருகி மாற்றும் புரப்போர்ஷனிங் வால்வைப் பின் குழாயில் போட்டு, ஆளில்லாத காலி மைதானத்தில், ஈரத்தரையில் சோதியுங்கள். பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முன்னதாகப் பூட்டவே கூடாது. ஹேண்ட்பிரேக் கேபிள் இரண்டு வண்டிக்கும் ஒத்துவராது, அளவு கொடுத்துச் செய்து வாங்க வேண்டியதுதான்.

புரப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அப்படியே அளவு கொடுத்துச் செய்து பேலன்ஸ் பண்ணி வாங்குங்கள். கியர்பாக்ஸுக்குள் போகும் ஸ்லிப் யோக் முட்டி நிற்காமல் முக்கால் அங்குலமாவது விட்டிருக்கட்டும். கிரவுன் விகிதம் மாறியிருந்தால் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

சக்கரச் சாய்வைச் சரிசெய்ய ஜாகுவாரில் திருகு எதுவும் இல்லை. டிஸ்க்குக்கும் ஹாஃப் ஷாஃப்ட் பிளாஞ்சுக்கும் நடுவே ஷிம் தகடு. அரை மி.மீ. ஷிம் ஒன்றைக் கூட்டினால் ஷாஃப்ட் வெளியே தள்ளப்பட்டுச் சக்கரத்தலை சுமார் கால் டிகிரி வெளியே வரும். ஜாகுவார் சொன்ன அளவு உள்ளே முக்கால் டிகிரி. பிக்கப்புக்கும் அதுவே போதும். இதைப் பார்க்கும்போது உண்மையான ஸ்பிரிங் பூட்டி, தொட்டியும் ஏறி, வண்டி பத்தடி முன்னும் பின்னும் உருண்டிருக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் எடுக்கும் அளவு செல்லாது.

தொட்டியைப் பூட்டும் முன் ஒரு யோசனை. கூண்டுக்கு நேர் மேலே தொட்டித் தரையில் ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு மூடி வெட்டிக்கொள்ளுங்கள். பிரேக் காற்றெடுக்கும் நிப்பிள், ஷிம், கிரவுன் ஆயில் மூடி எல்லாம் அந்த ஓட்டை வழியாகக் கைக்கு வரும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் நான்கு பேரைக் கூப்பிட வேண்டும்.

எல்லா போல்ட் தலைக்கும் குறுக்கே ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு இழுத்துவிட்டுக் கிளம்புங்கள். முதல் 50 மைலில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் அந்த போல்ட் நகர்ந்திருக்கிறது. டிஸ்க் பக்கம் எரிந்த கிரவுன் ஆயில் வாடை வந்தால் சீல் போய்விட்டது, அன்றே நிறுத்துங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாக ஐந்தைந்து நட்டு கையுறைப் பெட்டியில் கிடக்கட்டும். இரவில் மழையில் பஞ்சர் ஆகும்போது எந்த நிறம் எந்தப் பக்கம் என்பதையும் அந்தப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.